ரோசாப்பூத் துரை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. ஒருவரின் மதிப்பில் பாதியை அவர் உடுத்தும் உடைக்கு அளித்துவிட்ட இவ்வழக்கு, மறுபாதியையேனும் அவருக்கே விட்டு வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரைச் சீமையில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று அந்த மறுபாதியையும் பறித்தது. ஒருவர் என்ன செய்தார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தார், எந்த நேரத்தில், எந்தக் கோலத்தில், எங்கே காணப்பட்டார் என்றே கேட்டது. அச்சட்டத்தின் முன் வாயடைத்து நின்ற மக்களுக்காக வழக்காடியவர் ஒரு பாரிஸ்டர். மேலைநாட்டு உடையும், கோட்டில் செருகிய ரோசாப்பூவுமாகக் காட்சி தந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஜார்ஜ் ஜோசப். மக்கள் இட்ட பெயர் ரோசாப்பூத் துரை.

மலையடிவாரக் கோலம்

போடிநாயக்கனூர்ப் பகுதியினர்க்கு மலையேறும் கூலியாளின் தோற்றம் புதிதன்று. ஏலத் தோட்டங்களுக்கு நடந்து செல்வோர் இருள் பிரியுமுன் புறப்பட்டாக வேண்டும். மேலே குளிரும் சாரலும் உண்டு. ஆதலின் உடம்பைச் சுற்றி ஒரு கம்பளி. மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளச் சாக்கை மடித்த கொங்காணி. களை அறுக்கவும் வழியை மறைக்கும் கொடியை வெட்டவும் இடுப்பில் ஒரு கத்தி. சறுக்கும் பாதைக்கு ஓர் ஊன்றுகோல். இவை ஒவ்வொன்றுக்கும் மலை ஒரு காரணம் வைத்திருக்கிறது. மலையை அறிந்தவர் கண்ணுக்கு அவர் காய் எடுக்கப் போகும் ஆள். மலையை அறியாத காவலர் கண்ணுக்கோ, இருட்டில் முக்காடிட்டுக் கத்தியும் கம்புமாக நடமாடும் ஆள். ஆளும் ஒன்று, உடையும் ஒன்று. பார்க்கும் கண் வேறு.

அந்தக் கண்ணுக்குப் பாடம் சொல்லும் நூல்களும் அக்காலத்தில் எழுந்தன. சென்னை மாகாணக் காவல் துறை அதிகாரியாகிய முல்லாலி 1892-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. குற்றப் பரம்பரையினர் எனக் கருதப்பட்டோரைக் குலம் குலமாகப் பிரித்து, அவர்தம் தோற்றம், உடை, பேச்சு, கைக்கருவி, பழக்கவழக்கம் ஆகியவற்றை அது விவரித்தது. பயிரை அடையாளம் காண உதவும் தாவர நூலைப் போல, குற்றவாளியை அடையாளம் காண உதவும் நூல் அது. குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளி எப்படி இருப்பான் என்பது அங்கே எழுதப்பட்டுவிட்டது.

ரேகைச் சட்டம்

வட இந்தியாவில் 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர் மீது 1914-இல் அது முதலில் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களின் பிறமலைக் கள்ளர் ஊர்கள் பலவும் அதன் பிடிக்குள் வந்தன. கம்பம் பள்ளத்தாக்கு வரையிலும் பரவி வாழ்ந்த இம்மக்களைச் சட்டத்தின் நிழல் பின்தொடர்ந்தது. பத்து விரல்களின் ரேகையைப் பதிவேட்டில் பதித்ததால் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர்.

ஊர்க்காவலைத் தொழிலாகவும் உரிமையாகவும் கொண்டிருந்த குலத்தார் இவர்கள். வெள்ளையர் ஆட்சியின் காவல் துறை வந்தபின் அந்தக் காவல் உரிமை செல்லாததாயிற்று. அவர்களுள் களவில் ஈடுபட்டோரும் இருந்தனர். களவு போன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி வாங்கும் வழக்கமும் இருந்தது. இதனை மறைப்பதற்கில்லை. ஆனால் திருடியவரைத் தண்டிக்க அன்றே தண்டனைச் சட்டம் இருந்தது. புதிய சட்டமோ திருடாதவரையும் சேர்த்தே பதிவேட்டில் எழுதியது. உழுதுண்டு வாழ்ந்தவரும், கூலிக்குச் சென்றவரும், வண்டியோட்டியவரும் ஒரே பட்டியலில் அடங்கினர்.

பதிவு பெற்ற ஆடவர் இரவுகளில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ தம் இருப்பைக் காட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டு வேண்டும். மக்கள் அதனை ராதாரிச் சீட்டு என்றனர். மணமான முதல் இரவிலும் காவல் நிலையத்துத் திண்ணையில் படுத்தவர்களைப் பற்றிய வாய்மொழிக் கதைகள் அவ்வூர்களில் இன்றும் உண்டு. விடியுமுன் மலையேறினால்தான் அன்றைய கூலி என்ற நிலையில் இருப்பவனுக்கு இக்கட்டுப்பாட்டின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அச்சட்டத்தின் இரு கூறுகள் குறிப்பிடத்தக்கவை. ஒரு குலத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க இயலாது. அடுத்தது, இனிச் செய்யக்கூடும் எனக் கருதப்பட்ட குற்றத்திற்கான தண்டனை. திருட்டிலோ கொள்ளையிலோ ஈடுபடப் போகிறார் என்று கருத இடமளிக்கும் சூழலில் பதிவு பெற்றவர் எங்கேனும் காணப்பட்டால், அதற்கே மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். சூழல் என்பது என்ன? நேரம், இடம், மேலே போர்த்திய துணி, கையில் இருந்த பொருள் என்பவையே. பொழுது புலருமுன் கம்பளி போர்த்துக் கத்தியுடன் மலைப்பாதையில் நிற்கும் ஏழைக்கு, அவனுடைய உழைப்பின் உடையே அவனுக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடிய நிலை அது.

பாரிஸ்டரின் வருகை

ஜார்ஜ் ஜோசப் 1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியராக விளங்கிய போத்தன் ஜோசப் இவர்தம் இளவல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின் கடல் கடந்து எடின்பரோவில் தத்துவமும், இலண்டனில் மிடில் டெம்பிளில் சட்டமும் கற்றார். 1909-இல் தாயகம் திரும்பினார். சிறிது காலம் சென்னையில் தொழில் நடத்தியபின் மதுரையைத் தம் ஊராக்கிக் கொண்டார். மனைவி சூசன்னாவும் அவருடன் பொது வாழ்வின் இன்ப துன்பங்களைப் பகிர்ந்துகொண்டார்.

அக்காலத்தில் சீமையில் படித்த பாரிஸ்டரின் உடை ஒரு கடவுச்சீட்டுக்கு நிகரானது. கோட்டும் கழுத்துப்பட்டியும் பூட்சும் அணிந்தவர் முன்னால் கதவுகள் தாமே திறந்தன. எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர் என்று அவரை எந்தக் காவலரும் மறித்துக் கேட்பதில்லை. அதே தெருவில், அதே நேரத்தில், முழங்காலுக்கு மேல் வேட்டி கட்டிய கள்ளநாட்டு விவசாயி சீட்டைக் காட்டிவிட்டே நகர முடியும். அவ்விருவரும் சந்தித்த இடம் மதுரை நீதிமன்றம். ஏழைக் கட்சிக்காரர்கள் தம் வழக்கறிஞரின் கோட்டையும் அதில் இருந்த ரோசாப்பூவையும் கண்டனர். ஜார்ஜ் ஜோசப் என்ற அயற்பெயர் நாவில் நிற்கவில்லை, பூ நின்றது. ரோசாப்பூத் துரை என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

துரை என்ற சொல்லும் கருதத்தக்கது. வெள்ளை அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் குறித்த சொல் அது. அதிகாரத்தின் உடையைக் கண்டு அஞ்சிய மக்கள், அதே உடையில் தமக்காகப் பேச வந்த ஒருவரைக் கண்டபோது அச்சொல்லின் முன் ஒரு பூவை வைத்தனர்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் ஜோசப் ஈடுபட்டார். இங்கிலாந்தில் இந்தியாவின் கோரிக்கையை எடுத்துரைக்க அனுப்பப்பட்ட குழுவில் சையத் உசேன், பி. வி. நரசிம்மய்யர் ஆகியோருடன் இவரும் இடம்பெற்றார். ஜிப்ரால்டரில் கப்பலைத் தடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பியது அரசு. சீமை உடையும் சீமைப் படிப்பும் ஓர் எல்லை வரையில்தான் காக்கும் என்பதை அவர் அங்கே கண்டிருத்தல் வேண்டும். மதுரை ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைக்கும் பணியிலும் வரதராசுலு நாயுடு முதலியோருடன் அவர் துணை நின்றார். 1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது மதுரையில் முன்னணியில் நின்றவரும் அவரே.

பெருங்காமநல்லூர்

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ரேகைப் பதிவுக்காக அதிகாரிகளும் ஆயுதக் காவலரும் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூரைச் சூழ்ந்தனர். குற்றம் செய்யாத தாங்கள் ஏன் கைநாட்டு வைக்க வேண்டும் என்று ஊரார் மறுத்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். வீழ்ந்தவர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் உயிர் நீத்தார் என்பது ஊரார் போற்றும் நினைவு. சீருடை அணிந்தோர் சுட்டனர். இடுப்புத் துணியினர் மாண்டனர். பதிவேடோ மாண்டவர்களின் பக்கத்தையே குற்றப் பக்கமாகக் கொண்டிருந்தது.

இச்சட்டத்தினால் அல்லலுற்ற கள்ளர், மறவர் குலத்தார்க்காக ஜோசப் நீதிமன்றங்களில் வாதாடினார், பத்திரிகைகளிலும் எழுதினார். சட்டத்தின் அடிப்படையையே கேள்வி கேட்க நீதிமன்றக் கதவு அடைக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு வழக்காக, ஒவ்வோர் ஆளாகவே போராட வேண்டியிருந்தது. குலத்தின் பெயரில் கரைந்து போன ஆளை மீண்டும் ஒரு தனி ஆளாக நீதிபதியின் முன் நிறுத்துவதே அங்கே வழக்கறிஞரின் பணி. இன்னார், இன்ன ஊரினர், இன்ன தொழிலினர், இன்ன குற்றத்தை இவர் செய்ததாகச் சான்று உண்டா என்று கேட்பது எளிய கேள்விதான். அந்த எளிய கேள்வியைக் கேட்கவும் அன்று ஒருவர் தேவைப்பட்டார்.

கதர் உடுத்த காலம்

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது ஜோசப் நல்ல வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். பாரிஸ்டர் உடை போய்க் கதர் உடை வந்தது. பெரியோர் வாழ்வில் உடை மாற்றம் சிறு செய்தியாகத் தோன்றலாம். அக்காலத்தில் அது சிறு செய்தியன்று. கதர் உடுத்தவர் அரசின் கண்ணில் ஐயத்திற்குரியவர். அவர் பேசும் முன்பே அவருடைய உடை பேசிவிட்டது. அவர் ஏதும் செய்யும் முன்பே ஒற்றரின் குறிப்பேட்டில் அவர் ஏறிவிட்டார். ஒரு காலத்தில் கதவுகளைத் திறந்த உடையைக் களைந்து, கண்காணிப்பை வரவழைக்கும் உடையை அவர் தாமே விரும்பி ஏற்றார். தம் கட்சிக்காரர்கள் பிறப்பினால் பெற்ற ஐயத்தின் சிறு பங்கை அவர் தம் விருப்பத்தினால் பெற்றார் எனலாம். சிறு பங்கு என்பதற்குக் காரணம் உண்டு. கதரைக் களைந்தால் அந்த ஐயம் நீங்கும்; ரேகையைக் களைய இயலாது.

கதரையும் ஏழ்மையையும் பற்றிய ஒரு பெரும் நிகழ்ச்சி அதே மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் வழியில், இரயிலில் அயல்நாட்டுத் துணி உடுத்திய மக்களிடம் கதர் உடுத்துமாறு காந்தியடிகள் கேட்டார். அதனை வாங்கத் தம்மிடம் பொருள் இல்லை என்றனர் அவர்கள். செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் அவர் முழங்கால் அளவு முண்டுக்கு மாறினார். இலண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்த இன்னொருவர், நம் உழவரின் கோலத்தை இவ்வாறு தமதாக்கிக் கொண்டார். எந்தக் கோலத்தைக் கண்டு காவலர் ஐயுற்றனரோ, அதே கோலத்தை உலகம் பின்னர் வணங்கியது.

அவ்வேளையில் ஜோசப் அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இண்டிபெண்டென்ட் நாளேட்டின் ஆசிரியராக இருந்தார். 1921 டிசம்பரில் நேரு குடும்பத்தார் கைது செய்யப்பட்டபோது இவரும் கைதானார். இலக்னோச் சிறையில் ஜவகர்லால் நேரு, மகாதேவ தேசாய் முதலியோருடன் இருந்தார். சட்டம் கற்றவர் சட்டத்தின் கைதியாக நாட்களைக் கழித்தார். விடுதலைக்குப்பின் காந்தியடிகள் சிறையில் இருந்த 1923-இல் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

1924-இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஜோசப் அதில் முன் நின்றார். அது இந்துக்கள் தம் பாவத்தைத் தாமே கழுவும் போராட்டம். கிறித்தவராகிய இவர் விலகி நிற்பதே தகும் என்று காந்தியடிகள் கருத்துரைத்தார். ஜோசப்புக்கோ அது குடிமகனின் உரிமைப் போராட்டம். அவர் கைதாகிச் சிறை சென்றார். என்ன செய்கிறார் என்பதைக் காட்டிலும் யாராகப் பிறந்தார் என்பது முன்னிற்கும் தீர்ப்பு, இம்முறை தாம் பெரிதும் மதித்த தலைவரிடமிருந்தே வந்தது. அவ்வேறுபாடு அவர் மனத்தில் நீங்காத வடுவாயிற்று என்பர்.

மீண்டும் மதுரை

அதன்பின் மதுரை திரும்பிய ஜோசப் மீண்டும் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். காங்கிரசுடன் அவருக்கிருந்த உறவு முன்போல் இல்லை. எனினும் சைமன் குழு மதுரைக்கு வந்தபோது எதிர்ப்பை முன்னின்று நடத்தினார்.

1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளம் காங்கிரஸ் தொண்டராகிய காமராசர் சேர்க்கப்பட்டார். கதர்ச் சட்டைக்குள் சதிகாரர் இருப்பார் என்று காவல் துறை எளிதில் நம்பிய காலம் அது. ஜோசப்பும் வரதராசுலு நாயுடுவும் காமராசருக்காக வாதாடினர். காமராசர் குற்றமற்றவர் என விடுதலையானார். பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராகி ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவரின் வாழ்வு அன்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் தொங்கியது. முடிவு வேறாயிருப்பின் தமிழகத்தின் வரலாறும் வேறாயிருக்கும்.

1937-இல் ஜோசப் மத்திய சட்டசபைக்குக் காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் நெடுநாள் இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் மதுரையில் அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

எஞ்சியவை

எந்தச் சட்டத்தை எதிர்த்து வாழ்நாளில் ஒரு பகுதியைச் செலவிட்டாரோ, அச்சட்டம் சாவதை அவர் காணவில்லை. 1924-இல் அது மேலும் தொகுக்கப்பெற்று வலுவடைந்தது. பின்னர் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோரும் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீக்கப்பட்டது. நாடு முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் அது மறைந்தது. சீர்மரபினர் அந்நாளை இன்றும் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். பதிவேட்டோடு தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்தின் நற்பயனாகக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைக் குழந்தைகளுக்குக் கல்வி தந்துள்ளன. ஒரு காலத்தில் ரேகை மட்டுமே பதித்த விரல்கள் எழுதுகோல் பிடித்தன. அவ்விரல்கள் சிலவற்றிலிருந்து கவிதையும் பிறந்தது.

மதுரை யானைக்கல்லில் ஜார்ஜ் ஜோசப்புக்குச் சிலை உண்டு. அதனினும் பெரிய நினைவுச் சின்னம் ஒன்றைக் கள்ளநாட்டு மக்கள் அவருக்கு அமைத்தனர். தம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்டனர். சொல்லின் வலிமையை அறிந்த கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். அம்மக்களின் குலப்பெயரையே குற்றத்தின் பெயராக்கிப் பதிவேட்டில் எழுதியது அரசு. அப்பதிவேட்டில் ஏறவிருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் ஒரு பூவின் பெயரை வைத்தனர்.

இங்கும் உடையைப் பார்த்தே ஒருவரை அவர்கள் அடையாளம் கண்டனர் என்பது உண்மை. ஆனால் கோட்டைப் பார்த்து அவரை அதிகாரி என ஒதுக்கிவிடவில்லை. அவர் தமக்காக என்ன செய்தார் என்பதைக் கண்டபின்பே பூவைப் பெயராக்கினர். சட்டம் அவர்களுக்குச் செய்ய மறுத்ததை, அவர்கள் தம் வழக்கறிஞருக்குச் செய்தனர்.

சட்டம் மறைந்தது, பார்க்கும் கண் முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. போடி மெட்டுக்கு ஏறும் பாதையில் இன்றும் விடியுமுன் கம்பளி போர்த்தவர்கள் நிற்கின்றனர். அவர்களைக் காண்பவர் மனத்தில் முதலில் எழுவது எந்தச் சொல் என்பதைப் பொறுத்தே ரோசாப்பூத் துரையின் வழக்கு முடிந்ததா இல்லையா என்பது தீரும்.